மணவிருந்தும் மணி நேரமும்

பெண்ணும் மாப்பிள்ளையும் பொருந்தி, நாளும் முகூர்த்தமும் குறிக்கப்பட்ட பின்னர், எளிய குடும்பங்களிலே எழுகின்ற முதற் கவலை விருந்தைப் பற்றியதேயாகும். வந்தவர் அனைவரையும் பந்தியில் இருத்திச் சோறும் கறியும் வயிறார இடுவதா? அன்றிப் பலகாரமும் தேநீரும் கொடுத்து வழியனுப்புவதா? முன்னதைச் செய்தால் கடன் வந்து சேரும், பின்னதைச் செய்தால் பழி வந்து சேரும் என்று அஞ்சுவோர் பலர். ஒருநாட் பந்திக்காகக் காணியை ஈடு வைத்தவர்களும் உண்டு. பந்தி குறைந்ததென்று உறவைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆதலால் இது சமையற்கட்டுக்குள் அடங்கிவிடும் சிறு கேள்வியன்று. ஒரு குடும்பத்தின் மானத்தையும் வாழ்வையும் தொட்டு நிற்கும் கேள்வியாகும்.

இக்கேள்வி இன்று புதிதாகப் பிறந்ததுமன்று. ஒரு நாட்டுக்கு மாத்திரம் உரியதுமன்று. இலங்கையின் நகரங்களிலே, மாலைப் பொழுதில் உறவினரையும் நண்பரையும் அழைத்துச் சிற்றுண்டியும் தேநீரும் கேக்கும் வழங்கும் வரவேற்பு வைபவம் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலே வந்து வேரூன்றிய வழக்கம். கலியாணக் கேக்கைச் சிறு துண்டுகளாக்கி, அழகிய தாளிற் பொதிந்து, வந்தவர் கையிற் கொடுக்கும் பழக்கமும் அவ்வழியே வந்ததுதான். அவ்வழக்கம் பிறந்த பிரித்தானியாவிலே முழு விருந்து எவ்வாறு சிற்றுண்டிக்கு இடங்கொடுத்தது என்பதை நோக்கின், நம் வீட்டுக் கேள்விக்கும் ஓரளவு விளக்கம் கிடைக்கும்.

முதலில் அந்நாட்டின் வடபாகமாகிய ஸ்கொத்லாந்தின் ஏழை மக்களைப் பார்ப்போம். அவர்களிடையே 'பென்னிக் கலியாணம்' என்றொரு வழக்கம் இருந்தது. பென்னி என்பது அந்நாட்டின் சிறு நாணயம். மணமக்களிடம் பொருள் இல்லை. ஆயினும் விருந்தில்லாத மணம் மணமாகக் கருதப்படவில்லை. ஆகவே வந்தவர் ஒவ்வொருவரும் தாம் உண்பதற்கும் குடிப்பதற்கும் உரிய சிறு தொகையைத் தாமே கொடுத்தனர். செலவு போக எஞ்சிய பணம் புதுமணத் தம்பதிகள் குடித்தனம் தொடங்குவதற்கு உதவிற்று. விருந்து பெரிதாகப் பெரிதாக அவர்களுக்குக் கிடைக்கும் உதவியும் பெரிதாயிற்று. வறியவன் வீட்டுக் கலியாணம் ஊர் முழுவதும் கூடும் பெருவிழாவாக அமைந்தமைக்குக் காரணம் இதுவே. டேவிட் வில்கி என்ற ஸ்கொத்லாந்து ஓவியர் 1818ஆம் ஆண்டில் இக்காட்சியைத் தீட்டினார். வயலின் இசைக்க, முதியவரும் இளையவரும் ஆடிக் களிக்க, எளியோர் கூடி மகிழும் அந்த ஓவியம் இன்றும் பிரித்தானிய அரச குடும்பத்தின் கலைத்தொகுப்பிலே இருக்கின்றது.

இவ்வழக்கம் அந்நாட்டுத் திருச்சபைக்கு உவப்பாயிருக்கவில்லை. குடியும் கூத்தும் மிகுந்துவிட்டன என்று கருதிய திருச்சபையின் பொதுப்பேரவை, 1645ஆம் ஆண்டிலே பென்னிக் கலியாணங்களைக் கட்டுப்படுத்தத் தீர்மானம் நிறைவேற்றியது. பின்னர் 1681ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றமும் திருமணம், பெயரிடுவிழா, ஈமச்சடங்கு ஆகியவற்றிற்கு ஆகும் மிதமிஞ்சிய செலவைத் தடுக்கச் சட்டமியற்றிற்று. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் முதலிய நெருங்கிய வீட்டார் தவிர, ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நண்பருக்கு மேல் மணவைபவத்தில் இருத்தலாகாது என்பது அச்சட்டத்தின் விதி.

சட்டம் வந்தது, வழக்கம் ஒழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பென்னிக் கலியாணங்கள் நாட்டுப்புறங்களிலே நடந்துகொண்டுதான் இருந்தன. காரணத்தை அறிவது கடினமன்று. சட்டம் இயற்றியோர் விருந்தை ஒரு செலவாகக் கண்டனர். ஏழைகளோ அதனை ஒரு வருவாயாகக் கண்டனர். நான்கு பேருடன் நடக்கும் மணம் செல்வனுக்குச் சிக்கனம். வறியவனுக்கோ அது நட்டம். ஒரு வழக்கத்தின் பயனை உணராது அதன் புறத்தோற்றத்தை மாத்திரம் கண்டு இடும் தடை நிலைப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டிலும் இதற்கு ஒப்பான வழக்கம் ஒன்று சிறந்து விளங்கிற்று. மணத்துக்கு முன்னர், நாடாக்கள் கட்டிய கோலை ஏந்திய அழைப்பாளர் ஒருவர் வீடு வீடாகச் சென்று ஊராரை அழைப்பார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் அச்சிட்ட அழைப்புக் கடிதங்களும் வழங்கின. அக்கடிதங்களில் அன்பளிப்பு வேண்டப்பட்டதோடு, மணமக்களின் பெற்றோர் முன்னர் பிறர் கலியாணங்களிற் கொடுத்தவற்றைத் திருப்பித் தருமாறும் கேட்கப்பட்டிருக்கும். கொடுத்தவர் பெயரும் கொடுத்த தொகையும் ஏட்டிலே பதியப்பட்டன. கொடுத்தவர் வீட்டில் மணம் நிகழும்போது அதனைத் திருப்பியளித்தல் கடமை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலே வழங்கும் மொய் விருந்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கடல்கள் பல கடந்த இரு நாடுகளிலே, ஒருவரையொருவர் அறியாத உழவர்கள் ஒரே கணக்கை எழுதி வைத்திருக்கின்றனர்.

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அக்காலத்து ஏழையின் பெருவிருந்து அவன் தனித்துச் சுமந்த பாரமன்று; ஊர் சேர்ந்து சுமந்தது. ஊர் சுமந்ததை ஒருவன் தன் தலையில் தனியே ஏற்றிக்கொள்ளும்போதுதான் விருந்து கடனாக மாறுகின்றது. மக்கள் கிராமத்தை விட்டு நகருக்கும் தொழிற்சாலைக்கும் சென்ற பின்னர், அந்தப் பழைய ஏடும் கணக்கும் மெல்ல மறைந்தன. ஆனால், விருந்து பெரிதாயிருத்தல் வேண்டும் என்ற எண்ணம் மறையவில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே மணவிருந்தைக் 'கலியாணக் காலையுணவு' என்ற பெயரால் இன்றும் அழைக்கின்றனர். மாலையில் நடைபெறும் விருந்துக்கும் அதே பெயர்தான். இப்பெயர் நிலைத்தமைக்குத் துணைநின்றது ஒரு சட்டமாகும். 1604ஆம் ஆண்டின் திருச்சபை விதிகளின்படி, திருமணங்கள் முற்பகல் எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையிலேயே நடைபெறுதல் வேண்டும். சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கு மாத்திரமே விலக்கு உண்டு. 1823ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும் இந்நேர எல்லையை வலியுறுத்திற்று. நண்பகலுக்கு முன் மணம் முடிந்தால், முடிந்தவுடன் வருவது உணவு வேளை. உணவு வேளையில் வந்தவருக்கு உணவு கொடாமல் விடுவது எங்ஙனம்? எனவே வசதியுள்ளோர் இறைச்சியும் கோழியும் இனிப்பும் பழமும் மதுவும் நிறைந்த மேசைகளை அமைத்தனர். 1840ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் திகதி விக்டோரியா மகாராணியார் மணம் புரிந்தபோது செய்யப்பட்ட கேக்கு ஏறத்தாழ 300 இறாத்தல் நிறையுடையது. அதனைக் கண்டும் கேட்டும் நடுத்தர வகுப்பாரும் தத்தம் வீட்டு மேசையை நீட்டத் தலைப்பட்டனர்.

தொழிலாளர் நிலைமையோ வேறு. காலையில் மணம் முடிப்பதெனின் அன்றைய கூலியை இழத்தல் வேண்டும். ஆகவே இலண்டன் நகரத்து ஏழைகள் பலர் விடுமுறை நாளாகிய நத்தார் தினத்திலேயே தேவாலயத்துக்குச் சென்று மணம் முடித்துக்கொண்டனர்.

1886ஆம் ஆண்டிலே ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. திருமண நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிவரை நீட்டிப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. விருந்தைப் பற்றி அச்சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனினும் அதன் விளைவு விருந்திலேயே தெளிவாகத் தெரிந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு மணம் நடப்பின், அழைக்கப்பட்டோர் தத்தம் வீட்டிலே மதிய உணவை முடித்துக்கொண்டே வருவர். மணம் முடிந்து வீடு திரும்பும் வேளை தேநீர் வேளை. பிற்பகல் தேநீர் அருந்தும் பழக்கமோ 1840ஆம் ஆண்டளவில் உயர்குடியினரிடையே தோன்றி, அதற்குள் நாடெங்கும் பரவியிருந்தது. ஆகவே நீண்ட மேசைக்குப் பதிலாகத் தேநீரும், மெல்லிய பாண் துண்டுகளும், கேக்கும் போதுமானவையாயின. இருக்கை வேண்டியதில்லை, பரிமாறுவோர் பலர் வேண்டியதில்லை. முன்னையிலும் பலரை முன்னையிலும் குறைந்த செலவில் அழைக்க முடிந்தது. எவரும் அதனைக் குறைவாகக் கருதவுமில்லை. ஏனெனில் எவரும் பசியோடு வரவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்கொத்லாந்துச் சட்டம் அதட்டியும் செய்ய முடியாததை, இங்கே கடிகார முள் ஓசையின்றிச் செய்து முடித்தது. 1934ஆம் ஆண்டிலே நேர எல்லை மாலை ஆறு மணிவரை மேலும் நீட்டப்பட்டது.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப்போர். 1940ஆம் ஆண்டு சனவரி 8ஆந் திகதி பிரித்தானியாவிலே உணவுப் பங்கீடு தொடங்கிற்று. பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனி ஆகியவை முதலிற் பங்கீட்டுக்குள் வந்தன. அவ்வாண்டு சூலை மாதத்தில் தேயிலையும் சேர்ந்தது. ஒருவருக்கு வாரமொன்றுக்கு இரண்டு அவுன்சுத் தேயிலையே கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே கேக்கின் மேற்புறத்தில் சீனிப்பூச்சு இடுவதும் தடைசெய்யப்பட்டது. வெண்ணிறப் பூச்சில்லாத கலியாணக் கேக்கை அந்நாட்டார் அதுவரை நினைத்தும் பார்த்ததில்லை. கேக்குக் கடைக்காரர் ஒரு வழி கண்டனர். கடதாசி மட்டையால் அடுக்கடுக்காக வெண்கோபுரம் போலச் செய்து, அதனை வாடகைக்குக் கொடுத்தனர். அதன் உள்ளே சிறியதொரு கேக்கு மறைந்திருக்கும். படம் பிடிக்கும்வரை கோபுரம் நிற்கும். பின்னர் அதனைத் தூக்கிவிட்டு உள்ளே இருப்பதைப் பகிர்ந்துண்பர். அந்தச் சிறு கேக்குக்காகவும் உற்றாரும் அயலாரும் தத்தம் பங்குச் சீனியிலும் வெண்ணெயிலும் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்துக் கொடுத்தனர். பழைய பென்னிக் கலியாணத்தின் உள்ளம் பங்கீட்டு அட்டையின் வடிவிலே மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

உணவுச்சாலைகளிலும் செல்வருக்கு விலக்களிக்கப்படவில்லை. 1942ஆம் ஆண்டு சூன் மாதம் தொடக்கம் ஒருவேளை உணவுக்கு ஐந்து சிலிங்குக்கு மேல் வாங்கலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

போர் முடிந்த பின்னரும் தட்டுப்பாடு நீங்கவில்லை. போர்க்காலத்திற் பங்கீடு செய்யப்படாதிருந்த பாணுங்கூட 1946 முதல் 1948 வரை பங்கீட்டுக்குள் இருந்தது. அவ்விடைக் காலத்திலேயே, 1947ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆந் திகதி, இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடைபெற்றது. மக்கள் பாணுக்கு வரிசையில் நிற்கும்போது அரண்மனை எவ்வாறு விருந்து வைப்பது? தேவாலயத்திலே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தனர். ஆனால் அரண்மனை விருந்துக்கு அழைக்கப்பட்டோர் நூற்றைம்பது பேர் மட்டுமே. உணவிலே முதன்மையானவை மீனும் கவுதாரி இறைச்சியுமாம். இவ்விரண்டும் பங்கீட்டுக்கு உட்படாதவை என்பது கவனிக்கத்தக்கது. கேக்கு ஒன்பது அடி உயரமும் ஐந்நூறு இறாத்தல் நிறையும் உடையதாயினும், அதற்கு வேண்டிய பொருள்களை அவுஸ்திரேலியாவிலிருந்து சாரணியச் சிறுமியர் அனுப்பி உதவினர். அரசகுமாரியின் மணத்துக்கும் பிறர் கொடுத்த பங்கு வேண்டியிருந்தது.

1954ஆம் ஆண்டு சூலை மாதம் 4ஆந் திகதி பங்கீடு முற்றாக நீங்கிற்று. 2012ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணத்துக்குரிய நேர எல்லையும் நீக்கப்பட்டது. இப்போது அங்கே எந்த நேரத்திலும் மணம் முடிக்கலாம். முழு விருந்து வைப்பதும் சிற்றுண்டி வழங்குவதும் மணவீட்டாரின் விருப்பம்.

இந்நீண்ட வரலாறு கற்பிப்பது யாது? விருந்தின் அளவைத் தீர்மானிப்பது பெருமையோ சட்டமோ அன்று. விருந்தினன் எந்த வேளையில் வருகின்றான் என்பதே. நண்பகலிலே தொலைதூரத்திலிருந்து வந்த முதியவர் கையில் இரண்டு பலகாரத்தைக் கொடுத்து அனுப்புவது சிக்கனமன்று, அது குறைதான். பிற்பகல் நான்கு மணிக்கு, உண்டு இளைப்பாறி வந்தவருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் அன்போடு கொடுப்பது குறையன்று; அது முறைதான். ஆகவே எளிய வீட்டார் முதலில் ஆராயவேண்டியது எதைச் சமைப்பது என்பதன்று. எவரை எந்த நேரத்துக்கு அழைப்பது என்பதே. முற்பகல் முகூர்த்தத்துக்கு நெருங்கிய சுற்றத்தாரை அழைத்து இலை போட்டுச் சோறிடலாம். ஏனைய நண்பரையும் உடன் தொழில்புரிவோரையும் மாலைத் தேநீருக்கு அழைக்கலாம். அழைப்பிதழிலே நேரத்தையும் தேநீர் உபசாரம் என்பதையும் தெளிவாக அச்சிட்டுவிட்டால், வருபவருக்கு ஏமாற்றமில்லை, அழைத்தவருக்கு அச்சமுமில்லை.

பந்தியை நினைவில் வைத்திருப்போர் சின்னாட்களில் அதனை மறந்துவிடுவர். பந்திக்காகப் பட்ட கடனை மறக்க முடியாதவர்கள் இருவர்; அவர்கள் அப்பந்தியின் நடுவே மாலையோடு அமர்ந்திருந்த மணமக்களே. அவர்கள் தம் வாழ்வைக் கடனின்றித் தொடங்க வழிசெய்வதே பெற்றோர் அவர்களுக்கு இடக்கூடிய சிறந்த விருந்தாகும்.