பரவைக்கடலும் ஊராத்துறையும்: யாழ்ப்பாணத் தீவகத்தின் புவியியல் வரலாறு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அது. எழுதப்பட்ட மொழி தமிழ். கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் (வேலணைத் தீவிலுள்ள இன்றைய ஊர்காவற்றுறை) வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்று சொல்லும் ஆணை, உடைந்த மரக்கலங்களுக்கு வரும்போது கணக்கில் இறங்குகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கலமென்றால் இரு தரப்புக்கும் செம்பாதி.

கரையில் ஒதுங்கியதையெல்லாம் அரசன் அள்ளிக்கொண்டால் அடுத்த பருவத்தில் வணிகன் வேறு துறையைத் தேடிப் போய்விடுவான். அதைத் தெரிந்தே இந்த ஆணை எழுதப்பட்டிருக்கிறது. படைக்கு வேண்டிய விலங்குகளுக்குச் சலுகை கூடுதல் என்பதையும் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. கலம் உடைவதைச் சட்டமாக்கி வைக்குமளவுக்கு அங்கே கலங்கள் ஏன் உடைந்தன? விடை கடலடியில் கிடக்கிறது. தீவகத்தின் எழுச்சி, தளர்ச்சி இரண்டையும் தீர்மானித்தது அதைச் சூழ்ந்த கடலின் ஆழங்குறைவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையும் இந்தியாவும் ஒரே கண்டமேடையில் அமர்ந்தவை. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இரண்டும் ஒரே நிலம். பனி உருகிக் கடல் ஏறியபோது மேடான பகுதிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. பாக்கு விரிகுடாவின் ஆழம் இன்றும் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. தீவுகளுக்கும் குடாநாட்டுக்கும் இடைப்பட்ட நீரோ பல இடங்களில் ஆள் நடந்து வலை கட்டுமளவுதான். ஊரார் அதைப் பரவைக்கடல் என்பர். களங்கட்டி, சிறகுவலை போன்ற நிலைவலைத் தொழில்கள் இங்கே செழித்ததற்கு அந்த ஆழங்குறைவே காரணம்.

அகண்ட அடியுள்ள சிறு பாய்க்கலத்துக்கு இந்தக் கடல் வசதியான வழி. வாடை ஒருபுறம் தள்ளும், சோளகம் மறுபுறம் தள்ளும். சரக்கு மிகுந்து கலம் ஆழமாக அமிழ்ந்தாலோ மணல்மேடும் முருகைக்கல்லும் அடியைக் கிழித்துவிடும். பராக்கிரமபாகுவின் ஆணைக்குப் பின்னணி இதுதான். அவனுக்கு இத்துறை வணிகத்துக்கு மட்டும் உதவவில்லை. சோழ நாட்டின்மீது படையெடுக்க ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் அவன் கப்பல் கட்டிப் படை திரட்டியதைச் சோழரின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. எதிரியின் கல்வெட்டே சாட்சி என்பதால் அதன் மதிப்பு அதிகம்.

இத்துறையின் முக்கியத்துவத்தை மண்ணும் சொல்கிறது. வேலணைத் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்வில் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன. வட சோங் காலத்தவை, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12இன் தொடக்கத்தையும் சேர்ந்தவை. 2018இல் ஷங்காய் அருங்காட்சியக ஆய்வாளர் இலங்கையருடன் சேர்ந்து மீண்டும் தோண்டியபோதும் அதே காலப் பாண்டங்களே வெளிப்பட்டன. பராக்கிரமபாகு ஆணையிடுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இக்கரை தென்சீனக் கடல் வரை தொடர்பு கொண்டிருந்தது. ஆகவே அந்த அரசன் ஊராத்துறையை உருவாக்கவில்லை. முன்பே ஓடிக்கொண்டிருந்த வணிகத்துக்கு ஒழுங்கு விதித்தான் என்பதே பொருத்தமான முடிவு.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும் இத்துறையைக் கைவிடவில்லை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் இங்கிருந்தே கப்பலேறின. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர் ‘யானைத் துறை’ என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் எச்சம். யானை உதிர்ந்துபோய்த் துறை மட்டும் நின்றுவிட்டது. துறைவாயிலில் காரைநகருக்கு எதிரே அவர்கள் எழுப்பிய கடற்கோட்டை 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. சுற்றிலும் கடல்; உள்ளே குடிநீர்த் தொட்டி போனதும் கோட்டையும் போயிற்று.

ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். ‘பன்றித்தொடையின் குதி’ என்று பொருள். முழு இலங்கையும் அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித்தொடையாகத் தெரிந்தது. தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: வேலணை லெய்டன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ட். வரைபடத்தை விரித்துவைத்து இட்ட பெயர்கள் இவை. நெடுந்தீவின் பழம்பெயரான பசுத்தீவும், அதே பொருளில் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரும் அங்கே மேய்ந்த மாட்டைப் பார்த்து வைத்தவை. ஒரு நிலத்தை ஆள்பவனின் பார்வை எப்படி மாறியது என்பதற்கு இந்தப் பெயர்களைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

நெடுந்தீவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். வளவுகளைச் சுற்றி இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் கல்வேலிகள் ஓடுகின்றன. சாந்தில்லை, முருகைக்கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியதுதான். குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் செய்யும் வேலையை இங்கே கல் செய்கிறது. தோண்டும்போது மண்ணைவிடக் கல்லே முதலில் வரும் நிலத்தில், தோட்டத்தைத் துப்புரவாக்கிய கல்லே அதற்கு வேலியுமாகிவிட்டது. அப்பால் வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. கோடை முற்றினால் தண்ணீரின்றிச் சாவதும் அவைதான்.

தண்ணீர்தான் தீவகத்தின் மறுபாதி வரலாறு. ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். அதிகம் இறைத்தால் அடியிலிருந்து சவர் ஏறிவிடும். ஆகவே இங்கே வயலைவிட நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கே மதிப்பு. அந்தக் கிணற்றடியில் சாதியும் காவல் நின்றது. 1971இல் புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ளும் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடித் தடியடியும் சிறையும் கண்டார். 1973இல் மறைந்தபோது அவருக்கு வயது 40கூட ஆகவில்லை. தீவகத்தின் நீரியலை எழுதுகிறவர்கள் இந்தப் போராட்டத்தை இலக்கிய வரலாற்றுக்கென்று தள்ளிவிடுவது பெரும் பிழை.

துறையின் தளர்ச்சி நீராவிக் கப்பலோடு தொடங்கியது. ஆழ இறங்கும் இரும்புக் கப்பலுக்குப் பரவைக்கடல் வழிவிடவில்லை. கொழும்புத் துறைமுகம் பெருத்தது. 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ரயில் இணைந்தது. 1914இல் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பல்சேவை தொடங்கியதும் இந்தியாவுக்குப் போகும் வழியும் தெற்கே நகர்ந்தது. பாய்க்கப்பல்கள் அதன் பின்னும் சில பத்தாண்டுகள் ஓடின. 1948இன் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்கள் வந்தபின், அக்கரை ஊருக்குப் போவதுபோல் போய்வந்த பயணம் கடவுச்சீட்டு விவகாரமாயிற்று.

தீவார் சும்மா இருக்கவில்லை. காரைநகராரும் புங்குடுதீவாரும் வேலணையாரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை திறந்தனர். கடல் வணிகத்தில் பழகிய கணக்கும் கடனும் நம்பிக்கையும் தரைக்கு இடம்பெயர்ந்ததாகவே இதைக் கொள்ளலாம். ஊர்காவற்றுறை கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழாய்வை உலகளாவிய நிறுவனமாக்கியதையும் இந்தப் பழக்கத்தோடு சேர்த்தே காண்கிறேன். ஆழமில்லாத கடலில் தாம்போதி போடுவது எளிது. பண்ணைத் தாம்போதி வேலணையை யாழ்ப்பாணத்தோடும், வாணர் தாம்போதி புங்குடுதீவை வேலணையோடும் இணைத்தன. கலம் வந்தணைந்த கரை பேருந்து வரும் கரையாயிற்று. புங்குடுதீவின் மேற்குமுனையிலுள்ள குறிகட்டுவானில் தெரு முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்தே படகு.

அந்தப் படகு வழியிலும் இரத்தம் சிந்தியது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பெண்கள், குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது பெரும்பகுதி மக்கள் வெளியேறினர். இன்று புங்குடுதீவில் கூரை விழுந்த கல்வீடுகளைக் காணலாம். அவற்றின் உறுதிகள் ரொரன்ரோவிலும் பாரிசிலும் இருக்கின்றன. கடலில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் அதே ஆழங்குறைந்த அடித்தளத்தை வாரிச் செல்கின்றன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தும் அது நிற்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் மின்திட்டம் அமைக்க 2021இல் சீன நிறுவனம் ஒன்று தெரிவானபோது இந்தியா எதிர்த்தது. பின்னர் அத்திட்டம் இந்திய நன்கொடைக்கு மாறியது. பெரிய அரசுகள் இக்கரையை மறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வரலாற்றாசிரியர்கள் மறந்திருக்கிறார்கள். கல்வெட்டையும் சீன ஓட்டையும் வைத்து 12ஆம் நூற்றாண்டைப் பேச முடிகிற நமக்கு, பாட்டன் காலத்துப் பாய்க்கப்பல் வணிகத்தைப் பேசப் போதிய ஆவணம் திரட்டப்படவில்லை. தீவக மக்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் தோணிக் கணக்குக் கொப்பி, சுங்கச் சீட்டு, அக்கரையிலிருந்து வந்த கடிதம், கிணற்றுப் பங்கு எழுதிய பழைய உறுதி எதுவும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படமெடுத்து, எந்த ஊர், எந்தத் துறை, யாருடைய கலம் என்ற குறிப்போடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் நிறுவனத்துக்கோ அனுப்பிவையுங்கள்.