எலும்பை முறித்ததாகப் பழி சுமந்த பூண்டு

ஒருவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட பழி எளிதில் அகல்வதில்லை. பத்திரிகைத் தொழிலில் தலைநரைத்தவர்கள் இதை நன்கறிவர். மனிதருக்கு மட்டுமன்றி, ஒரு காட்டுப் பூண்டுக்கும் இக்கதி நேர்ந்துள்ளது.

பிரித்தானியா, அயர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் ஈரமான புதர்வெளிகளிலும் சதுப்புகளிலும் யூலை, ஆகஸ்ட் மாதங்களில் மஞ்சளாகப் பூப்பது அது. ஆங்கிலத்தில் பொக் அஸ்பொடெல் என்பர். அதே நிலத்தில் டோர்மென்டில் என்ற மஞ்சள் பூவும் உண்டு. புதியவர்கள் தடுமாறத் தேவையில்லை. இதழ்களை எண்ணினால் போதும். டோர்மென்டிலுக்குப் பெரும்பாலும் நான்கு. இதற்கோ விண்மீன்போல் விரிந்த ஆறு. கேசரங்களில் கம்பளி போன்ற மயிர், நுனியில் செம்மஞ்சள் மகரந்தப்பை, அடியில் வாள் வடிவ இலைகள். பூத்து முடிந்தபின் தண்டும் காயும் செம்மஞ்சளாகிவிடும்.

1753 இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லினேயஸ் இதற்கு இட்ட பெயரில் 'ஒஸிஃப்ராகம்' என்ற இலத்தீன் சொல் இடம்பெற்றது. எலும்பை முறிப்பது என்பது பொருள். இதனை மேய்ந்த ஆடுகளின் எலும்புகள் நொறுங்கும் என்பது மேய்ப்பர்களின் நம்பிக்கை. எலும்புகள் நலிந்தது உண்மையே. ஆனால் காரணம் பூண்டன்று, மண். அமிலத்தன்மை மிக்க அந்நிலத்தில் கல்சியம் குறைவு. அங்கு முளைக்கும் புல்லிலும் குறைவு. பூண்டு முழுவதையும் பிடுங்கியெறிந்தாலும் ஆட்டின் எலும்பு தேறியிராது. குற்றம் நடந்த இடத்தில் நின்றதே அது செய்த தவறு.

ஆயினும் பூண்டு முற்றிலும் நிரபராதியுமன்று. நோர்வேயில் ஆட்டுக்குட்டிகளுக்கு 'அல்வெல்ட்' என்றொரு நோய் வருவதுண்டு. ஈரல் பழுதடைய, தின்ற பச்சிலையின் பச்சையம் சிதைந்து உண்டாகும் பொருள் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். வெயில் பட்டதும் காதும் முகமும் வெந்து புண்ணாகும். இப்பூண்டை மேய்வதோடு தொடர்புடையது இந்நோய். முன்னோரோ அதைக் கண்ணுக்குத் தெரியாத மாயக் குறளிகளின் நெருப்பு என்றனர். நோயின் பெயரே அதைத்தான் சொல்கிறது.

செய்யாத குற்றம் பூண்டின் பெயரில் ஏறியது. தொடர்புபட்ட குற்றமோ குறளிகளின் தலையில் விழுந்தது.

1762 இல் ஆங்கிலேயரான வில்லியம் ஹட்சன் இதனை வேறு பேரினத்துக்கு மாற்றினார், பழிச்சொல்லை மாற்றவில்லை. தாவரப் பெயரிடலில் முதலில் இட்ட சொல்லுக்கே முன்னுரிமை. இன்றும் அதன் பெயர் நார்தீசியம் ஒஸிஃப்ராகம். பத்திரிகையிலாவது மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். அந்தப் பூண்டுக்கு அதுவும் வாய்க்கவில்லை.