பட்டையும் அதை உரித்த கைகளும்

நம் வீட்டுக் கறிச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழுவது பட்டைதான். இலவங்கப்பட்டை என்று நாம் சொல்வதை இலங்கைத் தமிழர்கள் கறுவா என்பார்கள். லாரல் குடும்பத்தில் சின்னமோமம் என்ற பேரினத்து மரம் அது. பெரிய பறவைகள் எங்கிருந்தோ கொண்டுவந்து கூடு கட்டும் குச்சிகள் இவை என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால், அந்தக் குச்சிக்காக நடந்தவை சிரிக்கக் கூடியவை அல்ல.

1505-இல் போர்த்துகீசியர்கள் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். 1658-க்குள் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக் கம்பெனி உட்கார்ந்தது. கறுவா வாணிபம் முழுவதும் தன் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் பிடிவாதம். கள்ளத்தனமாக மரத்தை வெட்டினால் மரண தண்டனை வரை உண்டு.

சரி, பட்டையை உரித்தவர்கள் யார்? சலாகம என்ற சிங்களச் சாதியினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. பிறப்பால் அந்தச் சாதி என்றால் உரித்தே ஆக வேண்டும். சிறுவர்களுக்கும் அளவு உண்டு, வயது ஏற ஏற அளவும் ஏறும். மழைக்காலத்தில் காட்டுக்குள் போய்க் கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, உட்பட்டையைக் கிழியாமல் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் காயவைக்க வேண்டும். எளிதான வேலையா அது?

பலர் கண்டி அரசரின் எல்லைக்குள் ஓடினார்கள். சில பெற்றோர், பிள்ளையாவது தப்பட்டும் என்று கம்பெனியின் பதிவேட்டில் வேறு சாதியின் பெயரில் பதிந்தார்கள். பெற்ற பிள்ளைக்குத் தன் அடையாளத்தையே மறைக்க வேண்டிய நிலை!

காட்டை நம்பியது போதும் என்று ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1760-களின் இறுதியில், கொழும்பு மருதானையில் தோட்டம் போட்டார்கள். இன்று தூதரகங்களும் மாளிகைகளும் நிற்கும் கொழும்பு 7-க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

1796-இல் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். கட்டாய உழைப்பு 1832 வரையும் ஏகபோகம் 1833 வரையும் நீடித்தன. அதற்குள் ஜாவாவிலும் கறுவா பயிராகத் தொடங்கியிருந்தது. சீனத்துக் கசியாப்பட்டையும் மலிவாகச் சந்தையில் குவிந்தது. நம் மளிகைக் கடைகளில் தடித்து, ஒரே சுருளாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கசியா இனம்தான். மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையை இன்றைக்கும் பித்தளைக் கோலால் தேய்த்து, கையால்தான் உரிக்கிறார்கள்.