பொன்னோலைப் பர்மிட்

வெளிநாட்டில் போய் சின்னதாக ஒரு தொழில் தொடங்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையோரம் ஒரு கிராமம், நாலு கூடாரம், வருகிறவர்கள் தங்கிப் போக வசதி... காகிதத்தில் கணக்குப் போட்டால் லாபம்தான் தெரியும். முதல், வாடகை, கூலி, தேய்மானம் என்று எல்லாவற்றுக்கும் பி.காம். படித்தவன் ஒரு பத்தி ஒதுக்கிவிடுவான். ஆனால், 'பர்மிட் கொடுத்த ஆசாமி நாளைக்கு மனசு மாறிவிட்டால்?' என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. நானும் அதே பி.காம்.தான். எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார்களும் அதைச் சொல்லித் தந்ததில்லை.

இந்த ரிஸ்க்கை 225 வருஷம் அனுபவித்த ஒரு கோஷ்டி நம்ம தஞ்சாவூர்ச் சீமையிலேயே இருந்தது. ஊர், தரங்கம்பாடி. வந்தவர்கள், டென்மார்க்காரர்கள்.

முதலில் அவர்கள் தரங்கம்பாடிக்கு வருவதாகவே இல்லை. அது ஒரு தனிக் கூத்து!

1616-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் தன் நாட்டு வியாபாரிகளுக்கு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி நடத்த சாசனம் கொடுத்தார். ஹாலந்தும் இங்கிலாந்தும் மிளகில் காசு பார்ப்பதைக் கண்டு வந்த ஆசை. அந்த நேரத்தில் போஷௌவர் என்று ஒரு டச்சுக்காரர் வந்து சேர்ந்தார். 'நான் கண்டி ராஜாவின் தூதர். போர்ச்சுக்கீசியர்களை விரட்ட உதவி செய்தால் இலங்கை வியாபாரம் முழுக்க உங்களுக்கே' என்றார். மன்னர் மயங்கினார். 1618 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த வருஷக் கடைசியில் கப்பல்கள் கிளம்பின. தளபதி ஓவ கெட்டெவுக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை.

ஒன்றரை வருஷப் பயணம். ஏராளமான பேர் வழியிலேயே செத்தார்கள். தூதர் போஷௌவரும் செத்துப்போனார். மிச்சம் இருந்தவர்கள் 1620 மே மாதம் இலங்கையில் இறங்கி, ஒப்பந்தத்தை நீட்டினால்... கண்டி ராஜா செனரத் கையை விரித்துவிட்டார். அவர் 1617-லேயே போர்ச்சுக்கீசியர்களோடு சமாதானம் செய்துகொண்டாயிற்று. கவனித்தீர்களா? கோபன்ஹேகனில் ஒப்பந்தம் எழுதும்போதே பர்மிட் காலாவதி! பேசியவர் யார், அவருக்கு வாக்குக் கொடுக்க என்ன அதிகாரம் என்று விசாரிக்காமல் கப்பலேறினால் இதுதான் கதி. இன்றைக்கு துபாய் வேலைக்கு ஏஜென்ட்டை நம்பி வீட்டை அடகு வைக்கிறவர்களுக்கு முன்னோடி, ஒரு ஐரோப்பிய மன்னர்!

இதற்கிடையில், முன்னோட்டமாக ஒரு கப்பலில் வந்த ரோலண்ட் கிராப்பே என்பவர் காரைக்கால் பக்கம் போர்ச்சுக்கீசியர்களிடம் வகையாக மாட்டிக்கொண்டார். கப்பல் மூழ்கிவிட்டது. மாலுமிகள் இரண்டு பேர் தலையை வெட்டி, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகக் கடற்கரையில் குத்தி வைத்தார்கள். தப்பிப் பிழைத்த கிராப்பேயும் கொஞ்சம் பேரும் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே ஆட்சியில் இருந்தவர் ரகுநாத நாயக்கர்.

நாயக்கருக்கு இவர்களைப் பார்த்ததும் பரிதாபம் வந்தது என்று நினைக்காதீர்கள். பக்கத்து நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் காலூன்றியிருந்தார்கள். யாழ்ப்பாண விவகாரத்தில் அவர்களோடு நாயக்கருக்குப் பகை. வெள்ளைக்காரனுக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரன் கிடைத்தால் கசக்குமா? 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. தரங்கம்பாடி கிராமம், அங்கே கல்லால் ஒரு 'வீடு' கட்டிக்கொள்ள அனுமதி, வரி வசூலிக்கும் உரிமை. பதிலுக்கு வருஷா வருஷம் கப்பம். தொகை 3,111 ரூபாய் என்று பல புத்தகங்களில் எழுதுகிறார்கள். டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில், தமிழில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் தெலுங்கில்!

அந்தக் கல் 'வீடு'தான் டான்ஸ்போர்க் கோட்டை. வீடு என்று அனுமதி வாங்கிக்கொண்டு கோட்டை கட்டுவது... சரி, பிளான் அப்ரூவல் சமாசாரம் நமக்குத் தெரியாததா?

தங்கத்தில் எழுதினால் என்ன, தகரத்தில் எழுதினால் என்ன, கப்பம் கட்டுகிற வரைதான் மரியாதை. 1625-ல் கிறிஸ்டியன் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் போய்த் தலையைக் கொடுத்தார். மறு வருஷமே படுதோல்வி. கஜானா காலி. 1627 வாக்கில் தரங்கம்பாடிக் கம்பெனியிடம் மிஞ்சியது மூன்றே கப்பல். நாயக்கருக்குக் கட்டவேண்டிய கப்பம் பாக்கி. தலைமை அலுவலகம் நொடித்தால் கிளை என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடன், சண்டை, தலைவரையே தூக்கி எறிந்த 1648 கலகம் என்று இழுத்துக்கொண்டே போய், 1650-ல் டென்மார்க் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் கம்பெனியையே கலைத்துவிட்டார்.

ஆனால், தரங்கம்பாடியில் இருந்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? ஊரிலிருந்து கப்பலே வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை ஸார், கால் நூற்றாண்டு! ஒவ்வொருவராகச் செத்தார்கள். கடைசியில் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்ற சாதாரண ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1655 முதல் அவர்தான் கோட்டைக்குத் தலைவர், கணக்கர், காவல்காரர் எல்லாம்.

கப்பம் வரவில்லை என்று தஞ்சாவூர்ப் படை வந்து வந்து முற்றுகை போட்டது. எஸ்கில் அசைந்து கொடுக்கவில்லை. வங்காள விரிகுடாவில் போகிற வருகிற கப்பல்களைப் பிடித்து, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். (கொள்ளைப் பணம்தான். வரலாறு இதைத் 'துணிச்சல்' என்று மரியாதையாக எழுதி வைத்திருக்கிறது.) ஒற்றை டேனிஷ்காரர் கோட்டையைக் காத்தார் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் புல்லரிக்கின்றன. ஒற்றை ஆள் மதிலில் நின்று எத்தனை பக்கம் சுடுவார்? கல் சுமந்ததும் காவல் நின்றதும் பெரும்பாலும் நம்மூர் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

டென்மார்க்குக்குக் கடிதம் மேல் கடிதம் போனது. 1669 மே மாதம் ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. எஸ்கிலுக்கு முறையான நியமன உத்தரவும் அதில் வந்தது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வர பதினான்கு வருஷம்! மறு வருஷமே இரண்டாவது கம்பெனி தொடங்கியது.

ஒரு வழியாக நிமிர்ந்தார்கள் என்று பார்த்தால், இந்த முறை பர்மிட் கொடுத்தவர் தரப்பில் இடி. 1673-ல் மதுரை நாயக்கர் படையெடுத்து வர, ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர் போரில் மாண்டார். அடுத்த சில வருஷத்தில் சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். நாயக்கர் வம்சத்து வாக்குறுதி மராட்டியரைக் கட்டுப்படுத்துமா? நாகப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்கள் உஷார். 1676-லேயே ஏகோஜியிடம் புதிதாக ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டார்கள், வெள்ளித் தகட்டில். டேனிஷ்காரர்களை 1699-ல் மராட்டியப் படை வந்து வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்து இங்கிலீஷ்காரர்கள் ஆள் அனுப்பித்தான் மூச்சு விட்டார்கள்.

சரி, பர்மிட் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே அரசாங்கம் என்றால் பிரச்னை தீருமா? சீகன்பால்குவைக் கேளுங்கள். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கே அனுப்பி வைத்த பாதிரியார் அவர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். கோட்டைத் தலைவர் ஹாஸியஸுக்கு இவரைக் கண்டாலே ஆகவில்லை. ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவள் பக்கம் பேசப்போக, பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையிலேயே நாலு மாதம் அடைத்துவிட்டார். மேலே மன்னர் முத்திரை, கீழே சாவிக்கொத்து. எது ஜெயிக்கும் என்பது தாலுகா ஆபீஸ் படியேறிய எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர்தான் பிறகு அச்சகம் வைத்து, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்.

இப்படிப் படிக்கும்போது, ரிஸ்க் எல்லாம் வந்தவனுக்குத்தான் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1738-ல் தஞ்சாவூர்ச் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்ட ஷாஜி, பிரெஞ்சுக்காரர்களிடம் 'பணம் கொடுங்கள், காரைக்காலைத் தருகிறேன்' என்றார். காரியம் முடிந்ததும் 'எந்தக் காரைக்கால்?' என்றார். பிரெஞ்சுக்காரர்கள் சும்மா போகவில்லை. சந்தா சாகிப் மூலமாக 1739 பிப்ரவரியில் ஊரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு பதவி போன அதே ஷாஜி, இங்கிலீஷ்காரர்களிடம் போய், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற தேவிகோட்டையைத் தருவதாகச் சொல்லி உதவி கேட்டார். 1749-ல் அவர்கள் வந்தார்கள். அந்தப் படையில் இளைஞர் ராபர்ட் கிளைவும் இருந்தார். தேவிகோட்டையைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு, யாரை எதிர்த்து வந்தார்களோ அந்தப் பிரதாப சிங்கோடு சமரசம் செய்துகொண்டு கோட்டையைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். ஷாஜிக்குக் கிடைத்தது பென்ஷன்!

கடற்கரையில் ஒரு கிராமம், ஒரு கோட்டை என்று கொடுக்கத் தொடங்கிய தஞ்சாவூர், 1799-ல் நெல் விளையும் காவிரிக் கழனி முழுவதையும் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தது. இரண்டாம் சரபோஜிக்கு மிச்சம், தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும் வருமானத்தில் ஒரு பங்கும்.

தரங்கம்பாடிக் கணக்கு 1845-ல் முடிந்தது. செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள். அதன்பிறகு 1860 வரை தஞ்சாவூர் ஜில்லாவின் தலைநகரே தரங்கம்பாடிதான். பர்மிட் வாங்க வந்தவர்கள் இருந்த ஊரில், பர்மிட் கொடுக்கும் ஆபீஸ்! அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது.

மயிலாடுதுறையிலிருந்து பஸ் பிடித்தால் டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம். தமிழக தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கடற்கரையில் கூடாரம் போட்டுத் தொழில் நடத்தும் எண்ணம் வந்தால், முதலில் பேரூராட்சியையும் 1991 முதல் இருக்கிற கடற்கரை ஒழுங்குமுறை விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ரகுநாத நாயக்கரின் பொன்னோலை மட்டும் அங்கே இல்லை. அது கோபன்ஹேகனில், டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நேரில் பார்க்க வேண்டுமானால் போகலாம். விசா வேண்டும்.