ரத்தம் மறந்தாலும் எலும்பு மறக்காது... ஈயம் ஒளிந்துகொள்ளும் இடம் தெரியுமா?

பைக், ஆட்டோ, இன்வெர்ட்டர்னு எதிலிருந்து கழற்றிய ஈய-அமில பேட்டரியானாலும், அதை உடைத்து உருக்கினால் ஈயம் கிடைக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இதற்கான ஆலைகள் இருக்கின்றன. உங்க வீட்டில் யாராவது இந்த வேலை பார்த்தால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

ஒரு சின்னக் குழப்பம் முதலில். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பெயரில் மட்டும்தான் சொந்தம்!

காரீயத் தூசு மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போனால் ரத்தத்தில் கலக்கும். அங்கே அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஆனால், எல்லாம் வெளியேறிவிடாது. ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி உடம்பு எலும்பில் சேர்த்துவைக்கும். பெரியவர்கள் உடம்பில் தங்கும் ஈயத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் எலும்பில்தான். முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அந்தக் கெட்டி எலும்பில் 10, 20 வருஷம்கூட இருக்கும். ஆக, வேலையை விட்டு ரெண்டு வருஷம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்றால், பழைய கணக்கு தீர்ந்தது என்று அர்த்தமில்லை.

அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது? காட்மியம்-109 என்ற கதிரியக்கப் பொருளின் கதிரைக் காலில் அரை மணி நேரம்போலப் பாய்ச்சுவார்கள். எலும்பிலுள்ள ஈயம் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அதை வைத்து அளவு சொல்லலாம். ஊசியே வேண்டாம். ஆனால், இது ஆராய்ச்சிக்கான கருவி. தெருமுனை லேபில் கிடைக்காது. பாஸ்டன் பகுதி முன்னாள் ராணுவத்தினரை இப்படி அளந்து 1996-ல் வெளியான ஆய்வில், எலும்பில் ஈயம் அதிகமிருந்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் அதிகம் காணப்பட்டது.

கர்ப்பம், தாய்ப்பால், மாதவிடாய் நிற்கும் காலம்... அப்போது எலும்பு கரைந்து கால்சியம் வெளியே வரும். கூடவே ஈயமும் வரும், வயிற்றுப் பிள்ளைவரை போகும். சென்னையில் 756 குழந்தைகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், சராசரி ரத்த ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 இருந்தாலே காரணத்தைத் தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வேலை உடுப்போடு வீட்டுக்குள் வராதீங்க, தனியாகத் துவைங்க. குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்க. கால்சியமும் இரும்புச்சத்தும் குறையாமல் சாப்பிடுங்க. பிரஷருக்காக டாக்டரைப் பார்த்தால், பத்து வருஷத்துக்கு முன்னால் செய்த வேலையையும் சொல்லிடுங்க. அவராகக் கேட்கமாட்டார்.