ஆய்வுச் சுவரொட்டி (நலவாழ்வு அறிவியல்)

ஆய்வுச் சுவரொட்டி என்பது ஓர் ஆய்வின் கேள்வி, முறை, முடிவு, அதன் பொருள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுத்தும் படமுமாக அமைத்து, ஆய்வாளரே அருகில் நின்று விளக்கும் அறிவியல் வெளியீட்டு வடிவம். மருத்துவக் கல்லூரிகளில் இதைப் போஸ்டர் என்றே சொல்வார்கள். மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் பலர் தங்கள் முதல் ஆய்வைப் பல்கலைக்கழக ஆய்வு விழாக்களில் இந்த வடிவில்தான் பிறர் முன் வைக்கிறார்கள்.

வரலாறு

ஆய்வுகள் பெருகி, எல்லோருக்கும் மேடையில் நேரம் ஒதுக்க இயலாமல் போனபோது இம்முறை வேரூன்றியது. ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு 1969இல் மாட்ரிட்டில் நடத்திய மாநாடு இதன் தொடக்கங்களில் ஒன்று. அமெரிக்காவில் 1974இல் மினியாபொலிஸில் நடந்த உயிர்வேதியியல், உயிர் இயற்பியல் மாநாட்டுக்குப் பிறகு இது பரவியது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகள், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, பட்டத் தேர்வு எழுதுவதற்கான தகுதிகளுள் ஒன்றாகச் சுவரொட்டி வழங்கலையும் சேர்த்தன. தமிழகக் கல்லூரிகளில் அது வழக்கமானதற்கு இவ்விதியும் ஒரு காரணம்.

அமைப்பு

முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பப்படும். தேர்வுக்குழு ஏற்றால் பலகை எண் ஒதுக்கப்படும். பரவலான அளவு ஏ0 தாள்: 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. உயரம். அமெரிக்காவில் 48க்கு 36 அங்குலம் பரவலாக உண்டு. பின்னணி, நோக்கம், முறை, முடிவு, விவாதம் என்ற வரிசையில் பத்திகள் செல்லும்.

நல்ல சுவரொட்டியில் தலைப்பே செய்தி சொல்லும். மாத்திரை அட்டையில் நாள் குறித்துக் கொடுத்தபோது காசநோயாளிகள் மருந்தைத் தவறவிடுவது குறைந்தது என்று ஓர் ஆய்வு கண்டதாக வைத்துக்கொள்வோம். ‘காசநோயாளிகளின் மருந்துப் பழக்கம்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பைப் பார்ப்பவர் கடந்து போய்விடுவார். ‘நாள் குறித்த மாத்திரை அட்டை: தவறும் வேளைகள் குறைந்தன’ என்றால் நிற்பார். எண்களிலும் நேர்மை வேண்டும். 12 பேரில் 9 பேருக்குக் குணமானதை ‘75 விழுக்காடு’ என்று மட்டும் எழுதுவது, ஆய்வு மிகச் சிறியது என்பதை மறைத்துவிடும். விழுக்காட்டின் பக்கத்திலேயே ‘9/12’ என்றும் இருக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் மைக் மோரிசன் 2019இல் புதிய வடிவம் ஒன்றை முன்வைத்தார். நடுவில் பெரிய எழுத்தில் முதன்மை முடிவு எளிய சொற்களில் நிற்கும். விவரங்கள் ஓரப் பத்திகளுக்குப் போகும். முழுக் கட்டுரைக்கு க்யூஆர் குறியீடு வழிகாட்டும். விரைவாகப் படிக்க இது உதவுகிறது. ஆனால் ஒற்றை வரியில் முடிவைச் சொல்லும்போது ஆய்வின் வரம்புகள் விடுபடும் ஆபத்தும் உண்டு.

அரங்கில்

குறித்த நேரத்தில் ஆய்வாளர் பலகை அருகே இருக்க வேண்டும். நடுவர்கள் வந்தால் இரண்டு மூன்று நிமிடங்களில் சுருக்கிச் சொல்லும்படி கேட்பார்கள், பிறகு கேள்விகள். “ஏன் இத்தனை பேரை மட்டும் எடுத்தீர்கள்?”, “ஒப்பீட்டுக் குழு எங்கே?” போன்றவை வழக்கமாக எழுபவை. மேடை உரையில் கேள்விக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். இங்கே புள்ளியியலாளரோ அனுபவமுள்ள செவிலியரோ நின்று வரைபடத்தில் விரல் வைத்துக் குறையைச் சுட்டிக்காட்ட முடியும். கட்டுரை எழுதுமுன் ஆய்வைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் இந்த வாய்ப்பே சுவரொட்டியின் தலையாய பயன். பரிசு அதற்கு அடுத்ததுதான். மின்திரையில் காட்டும் இ-போஸ்டர் அச்சுச் செலவைக் குறைக்கிறது. ஆனால் ஒரே திரையில் பலருடைய ஆய்வுகள் மாறிமாறி வந்தால் இந்த உரையாடலுக்கு இடம் குறைந்துவிடும்.

நெறிமுறை

மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதைச் சுவரொட்டியில் குறிப்பிடுவது நல்ல வழக்கம். நோயாளியின் படத்தில் கண்களை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது போதாது என்கின்றன பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவின் பரிந்துரைகள். அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால் நோயாளியின் எழுத்துபூர்வ இசைவு தேவை. பார்வையாளர்கள் கைபேசியில் படமெடுத்துப் பகிரும் அரங்கில் இது மேலும் முக்கியம்.

சுவரொட்டிக்குப் பின்

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மாநாட்டுச் சுருக்கங்களைப் பற்றிய 425 அறிக்கைகளை, அதாவது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களை, தொகுத்துப் பார்த்தது. அவற்றில் ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே முழுக் கட்டுரையாக வந்திருந்தன. சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறின. பலன் தராத சிகிச்சை பற்றிய ஆய்வு பலகையோடு முடிந்துபோனால், வேறொரு ஊரில் அதே சிகிச்சை மீண்டும் நோயாளிகள்மேல் சோதிக்கப்படலாம்.

சுவரொட்டியாக வைத்த ஆய்வைப் பின்னர் இதழில் வெளியிட மேற்சொன்ன இதழாசிரியர் குழுவின் விதிகளில் தடையில்லை. ஃபிக்ஷேர், ஸெனோடோ போன்ற திறந்த களஞ்சியங்களில் சுவரொட்டியை நிலையான அடையாள எண்ணுடன் சேமிக்கவும் முடியும். எதிர்மறையான, தெளிவற்ற முடிவுகளையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று, மனிதர்கள் பங்கேற்கும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைக் கூறும் ஹெல்சிங்கி அறிக்கை வலியுறுத்துகிறது. தம் உடலையும் நேரத்தையும் ஆய்வுக்குத் தந்தவர்களுக்கு ஆய்வாளர் பட்டிருக்கும் கடன் அது. சுவரொட்டி அந்தக் கடனின் முதல் தவணை மட்டுமே.