மகுடத்தையும் ஜெபமாலையையும் விடாத பாட்டி

மூத்த மகள் அடெல்ஹைட் 1971இல் இறந்தபோது ஆஸ்திரியா-ஹங்கேரியின் முன்னாள் பேரரசி ஸீட்டாவுக்கு 79 வயது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பகுதியில், டூல்ஃபஸ் என்ற சிற்றூரில் மகளை அடக்கம் செய்தார்கள். தாய் இருந்ததோ பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில். ஆனாலும் பெற்ற மகளின் குழியில் ஒரு பிடி மண் போட அவரால் போக முடியவில்லை. அரியணை உரிமையைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் எல்லை திறந்திருக்கும். மூத்த மகன் ஓட்டோ 1961இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஸீட்டா மசியவில்லை.

பதவி ஆசை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் 1916 டிசம்பர் 30 அன்று புடாபெஸ்டில் கணவர் கார்லுக்கும் இவருக்கும் ஹங்கேரியின் மகுடம் சூட்டப்பட்டது தேவாலயத்தில், திருப்பலியோடு. கடவுள் முன்னால் ஏற்றுக்கொண்டதைக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கழற்றி வைக்க முடியாது என்பது அவர் கட்சி. திருமணத்தையும் மகுடத்தையும் அவர் ஒரே தட்டில்தான் வைத்திருந்தார்.

அந்த வளர்ப்பு அப்படி. பார்மா கோமகன் ராபர்ட்டின் 24 பிள்ளைகளில் ஸீட்டா 17ஆவது. பிறந்தது 1892 மே 9. படிப்பின் கடைசிக் கட்டத்துக்கு இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி அடெலெய்டே துறவியாக இருந்தார். போர்ச்சுகலின் அரியணையை இழந்த மன்னரின் விதவை அவர். ஸீட்டாவின் சகோதரிகள் மூவர் அதே சபையில் சேர்ந்தார்கள். இவரோ 1911இல் கார்லைக் கைப்பிடித்து அரண்மனைக்குப் போனார்.

பேரரசியாக இருந்தது இரண்டே ஆண்டுகள். 1918இல் பேரரசு சிதறியது, மறு ஆண்டு நாடு கடத்தல். 1921இல் ஹங்கேரி அரியணையை மீட்கக் கார்ல் இரண்டு முறை முயன்றார். இரண்டாவது முறை, வயிற்றில் குழந்தையோடு ஸீட்டாவும் விமானத்தில் உடன் போனார். புடாபெஸ்டின் வாசலில் துப்பாக்கிகள் வெடித்தன, மனிதர்கள் செத்தார்கள். இவர் பக்தியைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

முயற்சி தோற்றதும் மடெய்ரா தீவுக்கு நாடு கடத்தல். கையில் பணம் இல்லை. கீழே ஃபுன்ஷால் நகரில் தங்கக் கட்டுப்படியாகாமல், யாரோ இரவலாகக் கொடுத்த மலை வீட்டுக்குக் குடிபோனார்கள். மார்ச் மாதத்திலும் அங்கே மூடுபனி, சுவரெல்லாம் ஓதம். 1922 மார்ச் 9 அன்று, மறுநாள் நான்கு வயது நிறையும் மகனுக்குப் பொம்மை வாங்க முன்னாள் பேரரசர் நகருக்கு நடந்தே இறங்கினார். பனியில் திரும்பி ஏறி வந்தவருக்குச் சளி பிடித்தது. செலவுக்குப் பயந்து மருத்துவரைக் கூப்பிடத் தாமதித்தார்கள். சளி நிமோனியாவாக முற்றி, ஏப்ரல் 1 அன்று உயிர் போயிற்று. அவருக்கு 34 வயது. ஸீட்டாவுக்கு 29, ஏழு பிள்ளைகள், எட்டாவது வயிற்றில். அன்று உடுத்த கறுப்பை அவர் பிறகு மாற்றவே இல்லை.

ஸ்பெயின், பெல்ஜியம் என்று ஓடிய குடும்பம், 1940இல் ஹிட்லரின் விமானங்கள் வீட்டின்மேல் குண்டு போட்டபோது நூலிழையில் தப்பி, கடைசியில் கனடாவின் கியூபெக் போய்ச் சேர்ந்தது. அங்கே டேன்டிலயன் என்ற காட்டுக்கீரையைப் பறித்துப் பச்சையாகவும் வேகவைத்தும் தின்று நாள் ஓட்டியதுண்டு. போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசி, பசியில் கிடந்த ஆஸ்திரியாவுக்கும் ஹங்கேரிக்கும் நிதி திரட்டினார். தன்னை விரட்டிய நாடுகள்தாம்.

பிறகு லக்ஸம்பர்கில் வயதான அம்மாவுக்குப் பணிவிடை. அம்மா 96 வயதில் கண்மூடிய பின், 1962இல் சுவிட்சர்லாந்தின் ஸிட்ஸர்ஸ் ஊரில் திருச்சபை நடத்திய முதியோர் இல்லத்துக்குப் போனார். பக்கத்திலேயே சிற்றாலயம், தினமும் பூசை. பேரன் பேத்திகள் 33 பேர். அவர்கள் வந்தால் தங்கவும் இடம் இருந்தது.

கையெழுத்து இல்லாமலே 1982இல் எல்லை திறந்தது. ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ் எடுத்துச் சொல்ல, ஆஸ்திரியாவின் சோஷலிச சான்சலர் புரூனோ கிரைஸ்கி வழிவிட்டார். 63 ஆண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரிய மண்ணை மிதித்த பாட்டி, மகளின் கல்லறைக்குப் போனார்.

1989 மார்ச் 14 அன்று, அம்மாவைப் போலவே 96 வயதில் இறந்தார். அடக்கம் ஏப்ரல் 1, கார்லின் நினைவு நாள். 1916இல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் உடலைச் சுமந்த அதே கறுப்பு வண்டியை வியன்னாவில் மறுபடி பூட்டினார்கள். செலவைக் குடும்பமே ஏற்க வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. கார்லை 2004இல் திருச்சபை அருளாளராக உயர்த்தியது. மனைவிக்கான விசாரணையும் 2009இல் பிரான்ஸின் லெ மான் மறைமாவட்டத்தில் தொடங்கியது.

அம்மா போடாத கையெழுத்தைப் போட்ட ஓட்டோ, பவேரியாவில் ஓட்டுக் கேட்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போய் 20 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)